அமெரிக்க ப்ளூஸ் இசைக்கலைஞர் ஆல்பர்ட் கிங்கின் கிட்டார் மட்டும் ஏன் அப்படி அழுகிறது?

அவர் இடதுகைக்காரர். வலதுகைக் கிட்டாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்தார். மெல்லிய கம்பி மேலே வந்துவிடும். சுரம் உயர மற்றவர்கள் மேலே தள்ளி வளைக்கும் அந்தக் கம்பியை அவர் தரையை நோக்கி இழுத்தார். விரல் மடக்கி இழுக்கும்போது முழுக்கையின் பலமும் சேரும். சுருதியையும் நன்றாக இறக்கி வைத்திருந்ததால் கம்பி எளிதில் வளையும். மீட்ட பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கிடையாது, கட்டைவிரல்தான். அந்தச் சதைப்பற்றான ஒலி அதிலிருந்தே வருகிறது.

மிசிசிப்பியில் பிறந்து, புல்டோசர்கூட ஓட்டிப் பிழைத்தவர். 1966-இல் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் சேரும்போது வயது 40-ஐத் தாண்டியிருந்தது. 1992-இல் மறைந்தார்.

இப்படிக் கம்பியை வளைக்க முயல்பவர்களுக்கு வழக்கமான பிழை, பாதி வளைவிலேயே நிற்பது. சுரம் எட்டாமல் பிசிறடிக்கும். முதலில் கிட்டார் கழுத்தில் இரண்டு கட்டம் (ஃப்ரெட்) உடலை நோக்கித் தள்ளி அழுத்தி, எட்டவேண்டிய சுரத்தைக் கேளுங்கள். பிறகு பழைய கட்டத்துக்கு வந்து, மூன்று விரல் சேர்த்து அதே ஒலி வரும்வரை வளையுங்கள்.