கான் வெட்டுவது யார்? மலையகத்திலிருந்து சில கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் மண்சரிவு, காலநிலை என்று பேசுவதே பல வருஷமாக என் வேலை. இந்த முறை வந்த கேள்விகளில் நான்கு.

அண்ணே, 'காலநிலை மாற்றம்' என்றதும் கூட்டம் கலைந்துவிடுகிறது. எப்படி ஆரம்பிப்பது? (மஸ்கெலியா)

அந்தச் சொல்லோடு ஆரம்பிக்காதீர்கள், தம்பி. என் முதல் கூட்டம் ஒரு பிரட்டுக் களத்தில், அதாவது தொழிலாளர்கள் காலையில் பேர் கொடுக்கக் கூடும் இடத்தில். உலக வெப்பம், 1.5 பாகை என்று அரைமணி நேரம் பேசினேன். பின்னாலிருந்து ஒரு அம்மா, "எங்க லயத்துக்குப் பின்னால கான் அடைச்சுக் கெடக்கு, அத யாரு வெட்டுவா?" என்றார். லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடு, கான் என்றால் தண்ணீர் ஓடும் வடிகால். என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை மண்வெட்டியோடு போனேன். கான் வெட்டும்போது அவர்களே சொன்னார்கள், முந்தி நாலு நாள் பெய்த மழை இப்போது ஒரே ராத்திரியில் கொட்டுகிறதென்று. சரி, விஷயம் தானாக வந்துவிட்டது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். கொட்டும்போது அதுவும் சேர்ந்தே கொட்டும். பழைய கான் அந்தத் தண்ணீருக்கு வெட்டியதில்லை.

மரநடுகை விழா வைக்கலாமா? (தலவாக்கலை)

வைக்கலாம், படமும் எடுக்கலாம். ஆனால் சரிவான இடத்தில் குறுக்கு வரிசையாக வெட்டிவேர் வைத்தால் மேல்மண் கழுவிப் போவது குறையும். ஆழத்திலிருந்து வரும் பெரிய சரிவை அதுவும் நிறுத்தாது.

வகுப்புப் பிள்ளைகளை எப்படி இதில் சேர்ப்பது? (பண்டாரவளை ஆசிரியை)

மிஸ், அடியும் வாயும் ஒரே அகலமான ஒரு பால்மா டின், ஒரு அடிமட்டம் போதும். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதி, டின்னைக் காலிசெய்ய வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 என்றாலும் அப்படித்தான். சுவரில் புது வெடிப்பு, திடீரென்று இறுகும் கதவு, கலங்கி வரும் பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாயில் விழும் தண்ணீர்) இதில் ஏதாவது கண்டால் டின்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

எவ்வளவு சொன்னாலும் சனம் லயத்தை விட்டுப் போகாதாமே? (அப்புத்தளை)

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம்தான் முதலில் வரும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கியது. 2005இலும் 2011இலும் அங்கே எச்சரித்திருந்தார்கள். கேட்காத சனமா? வீடும் தோட்டத்துடையது, நிலமும் தோட்டத்துடையது. போ என்றால் எங்கே போவது? 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலையகத்தில் இதே கேள்விதான்.

பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி கேட்பதும் காலநிலை வேலைதான். அது கிடைக்கும்வரை ஒன்றைச் செய்யுங்கள். வெளியேறச் சொல்லும் முன், அன்று ராத்திரி எங்கே படுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் ஒரு தோட்டத்தில் ஒத்திகை பார்த்தோம். பாடசாலை மண்டபத்துக்கு எல்லாரும் பிள்ளை குட்டியோடு வந்துவிட்டார்கள்; பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருந்தவர் டவுனில். இப்போது இரண்டாவது திறப்பு மேட்டு லயத்தில் ஒரு அக்காவின் அரிசி டின்னுக்குள் இருக்கிறது. எந்தக் காம்பரா (லயத்து அறை) என்று லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.