மூன்றா, ஆறா? குரோக்கஸ் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடியில் நாங்கள் சில செடிக்கிறுக்கர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். இந்த முறை பேச்சு முழுக்கக் குரோக்கஸ். குங்குமப்பூவின் சொந்தபந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழங்குகளோடு பல வருடம் மல்லுக்கட்டிப் பெரும்பாலும் தோற்றவன் என்பதால், பதில் சொல்ல என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

தேவகோட்டைத் தம்பி: ஆன்லைனில் 'காட்டுக் குரோக்கஸ்' என்று 10 கிழங்கு வாங்கினேன் அண்ணே. ஆவணியில் ஒரு மழை பெய்தது, நாலாம் நாள் ரோஸ் நிறத்தில் பூத்துவிட்டது. இது எந்த வகை?

மழைக்குப் பூத்தது என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பூவைப் பிரித்து மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். குரோக்கஸ் என்றால் மூன்றே மூன்று. ஆறு இருந்தால் அது மழை லில்லி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. பூ வாடிவிட்டதா? ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள். சின்ன வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருந்தால் மழை லில்லி. குரோக்கஸ் கிழங்கு சேனை மாதிரி உள்ளே ஒரே கெட்டியாக இருக்கும். இலையிலும் அடையாளம் உண்டு: குரோக்கஸ் இலையின் நடுவில் வெள்ளைக்கோடு ஒன்று நீளவாக்கில் ஓடும். நானும் இப்படி ஏமாந்தவன்தான். விற்றவரிடம் கேட்டேன், 'பூத்ததா இல்லையா சார்?' என்றார். பூத்தது, என்ன சொல்ல!

கானாடுகாத்தான் ஆச்சி: எங்கள் வளவு (வீட்டு உள்முற்றம்) எப்போதும் குளுகுளுவென்று இருக்கும். அங்கே தொட்டியில் வைத்தால் வருமா தம்பி?

வராது ஆச்சி. வளவு வெயிலைத் தடுக்கும், குளிரைக் கொண்டுவராது. காட்டுக் குரோக்கஸ்கள் மேற்கே போர்ச்சுகல், மொராக்கோவில் தொடங்கி மேற்குச் சீனம் வரை பரவியிருக்கின்றன. துருக்கியிலும் பால்கன் மலைகளிலும்தான் கூட்டம் அதிகம். அங்கே கோடையில் மண் காய்ந்து கிடக்கும், கிழங்கு தூங்கும். இலையுதிர் கால மழைக்கு வேர் விடும், குளிர்காலம் முழுக்க வளரும். நம் ஊரில் மார்கழி ராத்திரியே 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது.

ஆசைக்கு ஒருமுறை பார்க்கலாம். வசந்தத்தில் பூக்கும் வகைக் கிழங்கை அகலமான சின்னத் தொட்டியில் நட்டு, ஈரம் காயாமல் 12 முதல் 14 வாரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பக்கத்தில் பழம் இருக்கக்கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். வெளியே எடுத்தால் பூக்கும், நம் சூட்டில் இரண்டு நாள் தாங்கினால் பெரிது. மறுவருடத்துக்குக் கிழங்கு தேறாது. மூன்று மாதம் ஒரு தட்டை அடைத்துக்கொண்டு இரண்டு நாள் பூ! வீட்டில் ஏச்சு விழும், சொல்லிவிட்டேன்.

பள்ளத்தூர் ஆசிரியர்: பூ இல்லாமல் கிழங்கின் தோலைப் பார்த்தே இனத்தைச் சொல்வார்களாமே?

முழுதாகச் சொல்ல முடியாது, ஆனால் பாதிக் கிணறு தாண்டலாம். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். குங்குமப்பூக் கிழங்கின் தோல் தென்னையின் பன்னாடை மாதிரி மெல்லிய நார் வலையாக இருக்கும். கிரைசாந்தஸ் என்ற மஞ்சள் பூ இனத்துக்குத் தோல் வழவழப்பு. அடியில் வளையல் வளையலாகப் பிரிந்து வரும். ஃபிளைஷெரி என்ற இனத்தில் நார்கள் பாய் முடைந்த மாதிரி பின்னிக்கிடக்கும். அதனால் புதுக் கிழங்கு வந்தால் தோலை உரித்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள். அடையாள அட்டையே அதுதான்.

அப்புறம் பூக்கும் காலம், பூவின் அடியில் நீளும் குழலின் நிறம், சூல்முடி (பூவின் நடுவில் நிற்கும் பெண் உறுப்பின் நுனி) எத்தனை கிளையாகப் பிரிகிறது என்று பார்க்க வேண்டும். தொம்மாசினியானஸ் என்ற இனத்துக்குக் குழல் வெள்ளை. தோட்டத்தில் வளர்க்கும் வெர்னஸ் இனத்துக்குப் பெரும்பாலும் குழலிலும் ஊதா ஏறியிருக்கும். இதழ் நிறத்தை மட்டும் நம்பினால் மோசம் போவீர்கள். பிரிட்டிஷ் தாவரவியலாளர் பிரையன் மாத்யூ குரோக்கஸ் பற்றி 1982இல் எழுதிய நூலில் சுமார் 80 இனங்கள்தான். பிறகு ஒன்றாகக் கிடந்தவற்றைப் பிரித்துப் பிரித்து இப்போது 200ஐத் தாண்டிவிட்டது. 'ஸ்னோ பண்டிங்', 'கிரீம் பியூட்டி' என்று பெயர் போட்டு வருபவை காட்டு இனமல்ல, தோட்டத்தில் தேர்ந்தெடுத்த வகைகள்.

கொத்தமங்கலத்திலிருந்து ஒருவர்: குங்குமப்பூ விதை ஒரு பாக்கெட் வாங்கட்டுமா?

வேண்டாம். குங்குமப்பூவுக்கு விதையே கிடையாது. மற்ற செடிகளுக்கு இரண்டு தொகுதி குரோமோசோம் என்றால் இதற்கு மூன்று, மொத்தம் 24. தொகுதி ஒற்றைப்படையாக இருப்பதால் விதை கட்டாது. குங்குமப்பூ விளையும் காஷ்மீரின் பாம்பூரிலும் கிழங்கைப் பிரித்துத்தான் நடுகிறார்கள். இதன் காட்டு மூதாதை கிரீஸில் வளரும் கார்ட்ரைட்டியானஸ். அது விதை கொடுக்கும்.

அதே ஆள்: கிழங்கு கிடைத்தால் ஏசி அறையில் வருமா?

மொட்டு உருவாக 23 முதல் 27 டிகிரி, அது வெளியே வர 17 டிகிரி. முடியும். ஆனால் ஒரு கிராம் குங்குமப்பூவுக்கு 150 பூ வேண்டும். கரண்ட் பில்லைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

புதுவயல் கல்லூரி மாணவி: 'ஆட்டம் குரோக்கஸ்' (இலையுதிர் காலக் குரோக்கஸ்) விஷமாமே அண்ணா?

அந்தப் பெயரில் இரண்டு செடி ஓடுகிறது. ஸ்பெசியோசஸ் போன்ற நிஜக் குரோக்கஸ்களும் இலையுதிர் காலத்தில் பூக்கும். இன்னொன்று கொல்சிகம். அதற்கு மகரந்தத் தாள் ஆறு, சூல்தண்டு மூன்று, இலை அகலம். ஐரோப்பாவில் அந்த இலையைக் காட்டுப் பூண்டு என்று நினைத்துச் சமைத்துச் செத்தவர்கள் உண்டு. விஷத்தின் பெயர் கொல்சிசின். கீல்வாதத்துக்கு மருந்தும் அதுதான், அளவில்தான் வித்தியாசம்.

கொல்சிகத்தின் பங்காளி நம் ஊர் வேலியிலேயே ஏறிக்கிடக்கிறது: செங்காந்தள். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டிலும் அதே கொல்சிசின். செங்காந்தளின் கிழங்கான கண்வலிக்கிழங்கைத் தோண்டினால் கை கழுவச் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதே அம்மா. அதைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்துத் தின்றால் ஆஸ்பத்திரிதான்.

மறுபடியும் தேவகோட்டைத் தம்பி: எண்ணிவிட்டேன் அண்ணே, ஆறுதான். தூக்கிப் போடவா?

ஏன் போடணும்? நம் செம்மண்ணுக்குக் குரோக்கஸைவிட இந்த மழை லில்லிதான் தோது. அதிலும் இனங்கள் உண்டு. பூ கட்டைவிரல் நீளத்துக்குள் இருந்தால் ரோசியா, உள்ளங்கையை நிறைத்தால் கரினாட்டா. வெள்ளையாகப் பூத்து இலை குச்சி மாதிரி உருண்டிருந்தால் காண்டிடா. மழை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மூன்று நாலு வாரம் தொட்டியைக் காயவிட்டு, ஒரு சாயங்காலம் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றுங்கள். அநேகமாக ஒரு வாரத்துக்குள் மொட்டு தலைநீட்டும். ஆடு மட்டும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கிழங்கிலும் விஷம் உண்டு.