தொழில் தொடங்கும் முடிவில் ஆழ்மன நம்பிக்கைகளுக்கு என்ன பங்கு?

யோசித்துப் பார்க்காமலேயே உண்மை என்று நாம் எடுத்துக்கொண்ட கருத்துதான் ஆழ்மன நம்பிக்கை. 'நமக்கு வியாபாரம் ஒத்துவராது', 'மாதச் சம்பளம்தான் பாதுகாப்பு' என்பவை அந்த ரகம். சிறு வயதில் திரும்பத் திரும்பக் கேட்டதும், நெருங்கியவர் கடனில் தவித்ததைப் பார்த்ததும் உள்ளே தங்கிவிடுகின்றன.

மூளை ஒவ்வொரு முடிவையும் முதலிலிருந்து கணக்குப் போடுவதில்லை. பழைய பதிவுகளை வைத்துச் சட்டென்று தீர்மானித்துவிடுகிறது. அதிலும் நஷ்டம் கூடுதலாக உறுத்தும். அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நஷ்டத்தின் வலி பெரிது என்று உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கினார்கள்.

அடியில் ஏதோ ஒட்டிக்கொண்ட தராசுத் தட்டைப் போன்றது ஆழ்மன நம்பிக்கை. நேர்மையாகத்தான் நிறுக்கிறோம், ஆனாலும் ஒரு பக்கம் சாய்கிறது.

திட்டமும் சேமிப்பும் கையில் இருந்தும், 'இன்னும் ஒரு படிப்பை முடித்துவிட்டு' என்று தள்ளிப்போடுபவரைக் கவனியுங்கள். படிப்பு முடிந்ததும் வேறொரு காரணம் வரும். அவர் சோம்பேறி அல்ல. பயம் நிதானத்தின் வேடத்தில் வருகிறது, அவ்வளவுதான். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: 'நான் தொட்டது துலங்கும்' என்ற நம்பிக்கை, வாடகைக் கணக்கைக்கூடப் பார்க்கவிடாது. எனக்கு இதுதான் அதிக ஆபத்தாகத் தோன்றுகிறது.

எண்ணத்தை மாற்றினால் போதும், தொழில் ஜெயித்துவிடும் என்று பலர் நினைப்பது தவறு. முதலீடும் வாடிக்கையாளரும் தனிக் கணக்கு, சில தயக்கங்களுக்கு நியாயமான காரணமும் உண்டு.