பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எங்கள் ஹால் தெரிகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: தாம்பரம் பக்கம் சொந்த வீடு, கீழ்த்தளம் மட்டும். பக்கத்து மனை எட்டு வருஷமாகக் காலியாகக் கிடந்தது. போன வருஷம் அங்கே மாடி வீடு கட்டிக் குடிவந்துவிட்டார்கள். அவர்கள் மாடி ஜன்னலில் நின்றால் எங்கள் ஹாலும் படுக்கையறையும் அப்படியே தெரிகின்றன. தெருப் பக்க ஜன்னலைத் திறந்தால் போகிறவர் வருகிறவர் பார்வை எல்லாம் உள்ளேதான். கல்லூரிக்குப் போகும் பெண் இருக்கிறாள். பகலிலேயே ஜன்னல்களைச் சாத்தி, லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். காம்பவுண்டு சுவரை நாலடி உயர்த்தலாம் என்கிறார் கணவர். கண்ணாடிக்கு ஒருவழி ஃபிலிம் ஒட்டினால் போதும் என்கிறார் கடைக்காரர். எது சரி? அவர்கள் எங்களைப் பார்த்து ஜன்னல் வைத்ததே தப்பில்லையா? அவர்கள் வீட்டு கேமராவும் எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது.

பதில்: பக்கத்து வீட்டுப் பக்கம் சுவரை உயர்த்த வேண்டாம். ஃபிலிமுக்கும் இப்போதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். சென்னை வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்வதை ஒரு தீர்வாக ஏற்கவே கூடாது. காற்றும் வெளிச்சமும் வரட்டும், பார்வை மட்டும் வர வேண்டாம். அதற்கு வழி இருக்கிறது.

பணம் செலவழிக்கும் முன் இரண்டு இடங்களில் போய் நின்று பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, திரைச்சீலைகளை வழக்கம்போல் விட்டுவிட்டு, தெருவின் எதிர் ஓரத்தில் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். மொபைலில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பக்கத்து வீட்டு மாடி. அந்த வீட்டு அம்மாவிடம், "உங்க ஜன்னல்லேருந்து எங்க வீடு எவ்வளவு தெரியுதுன்னு ஒரு நிமிஷம் பார்த்துக்கலாமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. பெரும்பாலும் அவர்களுக்கும் இது சங்கடமாகத்தான் இருக்கும். எந்த நேரமும் ஒரு வீட்டின் உள்ளே பார்க்கும்படி அமைந்த ஜன்னலை நிம்மதியாகத் திறந்து வைக்க யாராலும் முடியாது.

அங்கிருந்து பார்த்ததும் ஒன்று புரியும். பார்வை நேர்கோட்டில்தான் வரும். அந்தக் கோட்டை எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு வீட்டு ஜன்னல்களுக்கும் நடுவே 10 அடி இடைவெளி, காம்பவுண்டு சுவர் சரியாக நடுவில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வீடுகளின் தரையும் நிலத்திலிருந்து 2 அடி உயரம். அவர்கள் மாடித் தரை 12 அடி, அங்கே நிற்பவர் கண் 17 அடி உயரத்தில். உங்கள் ஜன்னலின் அடிமட்டம் நிலத்திலிருந்து 5 அடி, அதன் மேல்மட்டமான லிண்டல் 9 அடி. இப்போது 5 அடிச் சுவரை 9 அடியாக உயர்த்தினால் என்ன ஆகும்? அந்தக் கண்ணிலிருந்து சுவர் உச்சியை உரசிக்கொண்டு வரும் கோடு, உங்கள் வீட்டுச் சுவரில் நிலத்திலிருந்து ஒரே அடி உயரத்தில் வந்து முட்டும். ஜன்னல் அதற்கு மேலே நாலடி தள்ளித்தான் தொடங்குகிறது. அதாவது அத்தனை செங்கல் செலவழித்தும் ஜன்னலில் ஓர் அங்குலம்கூட மறையாது. முழு ஜன்னலையும் மறைக்க வேண்டுமென்றால் சுவர் 13 அடி எழும்ப வேண்டும். பழைய சுவரின் அஸ்திவாரம் அதற்குப் போடப்பட்டதே இல்லை. பில்லர் இல்லாத நாலரை அங்குலச் சுவர் மேல் இன்னும் நாலடி ஏற்றினால், ஐப்பசி மழையில் மண் இளகி, காற்றும் சேரும்போது சாய்ந்துவிடும். அதன் பக்கத்தில் யாராவது நின்றிருந்தால்? இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கணவரிடம் நான் சொன்னதாகவே உறுதியாகச் சொல்லுங்கள். காம்பவுண்டு சுவர் உயரத்துக்கு உள்ளாட்சி விதியும் உண்டு. கேட்காமல் கை வைக்கக் கூடாது.

இதே கோட்டை ஜன்னலுக்குப் பக்கத்தில் வெட்டிப் பாருங்கள். தலைக்கு மேல் எந்த மறைப்பும் இல்லாவிட்டால் அந்தக் கண்ணுக்கு உங்கள் ஹால் தரை ஜன்னலிலிருந்து கிட்டத்தட்ட ஒன்பது அடி உள்ளே வரை தெரியும். லிண்டல் மட்டத்தில் 2 அடி சன்ஷேட் இருந்தால் அது ஐந்தடியாகக் குறையும். அந்த சன்ஷேட்டின் வெளி விளிம்பிலிருந்து ஒன்றரை அடிக்கு ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டால் மேலிருந்து வரும் பார்வை ஏறக்குறைய முழுதாக நின்றுவிடும். தட்டியின் கீழ் விளிம்பு உங்கள் தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் இருக்கும். நீங்கள் நின்றபடி வெளியே பார்த்தால் செடி தெரியும், சுவர் தெரியும், அவர்கள் மாடி தெரியாது. காற்று கீழே தாராளமாக வரும். ஒன்றரை அடித் தட்டி செய்யும் வேலையை 13 அடிச் சுவர்தான் ஈடு செய்ய முடியும். உங்கள் வீட்டு அளவுகளை வைத்து ஒரு தாளில் இதே கோட்டைப் போட்டால் உங்களுக்கு எத்தனை அங்குலம் வேண்டும் என்று தெரிந்துவிடும். ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கட்டம் போட்டுக்கொண்டால் பள்ளிக்கூட ஸ்கேலே போதும். தட்டியின் மேல், கீழ் இரண்டு விளிம்பையும் கம்பியில் இழுத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஆடிக் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். மூங்கில் மழையில் சில வருஷம்தான் தாங்கும், மாற்ற வேண்டி வரும். நிரந்தரமாக வேண்டுமென்றால் இரும்புச் சட்டத்தில் சாய்வுப் பட்டைகள் வைத்துச் செய்துகொள்ளலாம்.

கோட்டை வெட்ட இன்னொரு இடம், அவர்கள் ஜன்னலே. மறைப்பு கண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு சிறியதாக இருந்தால் போதும். அவர்கள் ஜன்னலின் கீழ்ப் பாதிக் கண்ணாடிக்குப் பனிக்கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டினாலோ, ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு தொட்டிச் செடி வைத்தாலோ உங்கள் இரண்டு அறைகளும் ஒரே நேரத்தில் மறைந்துவிடும். செலவு உங்களுடையது என்று சொல்லிக் கேளுங்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதி இப்படிப் பேச்சிலேயே முடிந்திருக்கிறது.

தெருப் பக்கம் கதை வேறு. நடந்து போகிறவரின் கண் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, உங்கள் சுவரும் அதே ஐந்தடி. அதனால்தான் பார்வை சுவருக்கு மேலே வழுக்கிக்கொண்டு உள்ளே வருகிறது. இங்கே சுவரில் ஓர் அடி கூடினாலே போதும், சுவரை ஒட்டிப் போகிறவருக்கு உங்கள் தலைக்கு மேல் இருக்கும் சுவரும் ஃபேனும்தான் தெரியும். அந்த ஓர் அடியைச் செங்கல்லில் செய்ய வேண்டாம். லேசான கிரில் வைத்து முல்லையோ சங்குப்பூவோ ஏற்றிவிடலாம். சுவருக்கு உள்பக்கம் இடம் இருந்தால் மருதாணி வேலி வையுங்கள். வெட்ட வெட்ட அடர்த்தியாகும், தண்ணீர் அதிகம் கேட்காது. மூங்கிலை மண்ணில் நடாதீர்கள், தொட்டியில் வையுங்கள். பச்சை வலையைக் கட்டுவது சுலபம்தான். ஆனால் பெரிய வலை காற்றைப் பாய்மரம்போல் வாங்கி, கட்டிய கம்பத்தையே இழுத்துவிடும்.

தெரு ஜன்னலைப் பற்றிப் பேசும்போது நம் பழைய வீடுகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாலு கதவு ஜன்னல் நினைவிருக்கிறதா? மேலே இரண்டு, கீழே இரண்டு குட்டிக் கதவுகள். கீழ்க் கதவுகளைச் சாத்தி மேல் கதவுகளைத் திறந்து வைப்பார்கள். திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தாலும் உள்ளே படுத்திருப்பவர் தெரிய மாட்டார். சூடான காற்று மேல் வழியாக வெளியேறிவிடும், வெளிச்சமும் குறையாது. மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் இன்னும் இப்படி ஜன்னல்கள் இருக்கின்றன. இரண்டு கண்ணாடிகளை இழுத்து மூடும் ஸ்லைடிங் ஜன்னல் வந்ததும் இதைத் தொலைத்துவிட்டோம். அதில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், திறந்த பாதியில் தலை முதல் கால் வரை தெரியும். தச்சரிடம் சொன்னால் இன்றும் நாலு கதவு செய்து தருவார். அது முடியாவிட்டால் ஜன்னலின் பாதி உயரத்தில் ஒரு ஸ்பிரிங் கம்பி போட்டு, கீழ்ப் பாதிக்கு மட்டும் திரைச்சீலை தொங்கவிடுங்கள். பலன் கிட்டத்தட்ட அதேதான். ஒன்று, இந்தப் பாதித் திரை தெருவுக்குத்தான் சரி. மேலிருந்து பார்ப்பவருக்கு ஜன்னலின் மேல் பாதிதான் வழி.

சரி, ஃபிலிம். ஒருவழி ஃபிலிமில் உண்மையில் ஒரு வழி என்று ஒன்று கிடையாது. அது முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு மெல்லிய பூச்சு. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. பகலில் வெளியே வெயில் இருக்கும்போது தெருவில் நிற்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். ராத்திரி நீங்கள் டியூப்லைட்டைப் போட்டதும் எல்லாம் தலைகீழ். உங்களுக்கு உங்கள் முகம் தெரியும், தெருவில் நிற்பவருக்கு உங்கள் ஹால் தெரியும். உள்ளே இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் இதில் பயம். மேடவாக்கத்தில் ஒரு வீட்டில் இப்படி மாதக்கணக்கில் ஃபிலிமை நம்பித் திரைச்சீலையையே கழற்றிவிட்டிருந்தார்கள். ஒரு நாள் ராத்திரி அந்த வீட்டுப் பெண்ணை வெளியே கூட்டிப் போய்க் காட்டினேன், சத்தமே இல்லாமல் நின்றுவிட்டார். ஃபிலிம் வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளுங்கள், வெயில் சூட்டைக் குறைக்கும். திரைக்கு அது மாற்றில்லை. தவிர, காற்றுக்காக ஜன்னலைத் திறந்த நிமிஷமே அதற்கு வேலை இல்லை.

திரைச்சீலைக்கு இரட்டைக் கம்பி போடுங்கள். ஜன்னல் பக்கம் வெள்ளை நெட் துணி, அறைப் பக்கம் கனமான துணி. பகலில் வெள்ளை நெட் மட்டும் போதும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் வெளியே இருப்பவருக்குத் துணிதான் தெரியும், துணிக்குப் பின்னால் இருப்பது தெரியாது. லைட் போடும் நேரத்தில் கனமான துணியை இழுத்துவிட வேண்டும். லைட்டைப் போட்ட பிறகு இழுப்பதல்ல, முதலில் திரை, அப்புறம் ஸ்விட்ச். உங்கள் பெண்ணின் அறையில் இந்தப் பழக்கம் முக்கியம்.

விளக்கு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் டியூப்லைட் இருந்தால், நடுவில் நிற்பவரின் நிழல் நேராகத் திரையில் விழும். வெளியிலிருந்து பார்த்தால் பொம்மலாட்டம்போல் கை, தலை அசைவதுகூடத் தெரியும். விளக்கை ஜன்னல் இருக்கும் சுவரிலேயே, ஜன்னலுக்கு மேல் மாற்றிவிட்டால் நிழல் உள் சுவரில் விழுந்துவிடும். குளியலறையில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வென்டிலேட்டரில் பனிக்கண்ணாடி இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். பனிக்கண்ணாடி தூரத்தில் இருக்கும் உருவத்தைத்தான் கலைக்கும். கண்ணாடிக்கு நெருங்க நெருங்க உருவம் தெளிவாகும். வென்டிலேட்டர் இருக்கும் சுவரில், அதற்கு மேலே பல்பு என்றால் பிரச்சினை தீர்ந்தது. அப்படியே பீரோக் கண்ணாடியையும் பார்த்துவிடுங்கள். வாசல் கதவு பாதி திறந்திருக்கும்போது கூரியர் கொண்டுவருபவருக்குப் பீரோக் கண்ணாடியில் உங்கள் கட்டில் தெரிகிற வீடுகள் நிறைய உண்டு. பீரோவைச் சற்றே திருப்பி வைத்தால் போதும்.

ஜன்னல் வைத்ததே தப்பில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்மையாகச் சொன்னால், அதைத் தடுக்கும் உரிமை உங்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்தவர் நிலத்தைப் பொறுத்து நமக்குள்ள உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டப்படி காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் உரிமை கோரவே 20 வருஷத் தொடர் அனுபவம் வேண்டும். அண்டை வீட்டார் பார்க்கும்படி ஜன்னல் வைக்கக் கூடாது என்ற உரிமை, அப்படி ஒரு வழக்கம் உள்ள ஊரில் மட்டும்தான் உண்டு. வட இந்தியாவில் சில இடங்களில் நீதிமன்றங்கள் அதை ஏற்றிருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றமோ 19-ஆம் நூற்றாண்டிலேயே, ஜன்னல் திறப்பதே குற்றமாகாது, வேண்டுமானால் உன் நிலத்தில் நீ மறைத்துக்கொள் என்று சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்ன புட்டசாமி வழக்கின் தீர்ப்பு முக்கியமாக அரசை நோக்கியது. பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டியிருந்தாலோ, அனுமதி வாங்கிய வரைபடத்தை மீறியிருந்தாலோ உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் பெண்கள் அந்தரங்கமாக இருப்பதை வேண்டுமென்றே ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் வேறு விஷயம். அது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி குற்றம், முதல் தடவைக்கே ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அப்படி நடந்தால் தயங்காமல் காவல் நிலையம் போக வேண்டும்.

கேமராவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. மாடியைப் பார்க்கப் போகும் அன்றே, "கேமராவில எங்க பக்கம் என்ன விழுது, மொபைல்ல காட்டுங்களேன்" என்று கேளுங்கள். பல நேரம் அவர்கள் கேட் மட்டும்தான் விழும், உங்கள் கவலை அங்கேயே தீரும். உங்கள் ஜன்னல் விழுந்தால், திருப்பி வைக்க முடியாத இடமாக இருந்தாலும் கவலை இல்லை. இப்போதைய கேமராக்கள் பலவற்றில் படத்தின் ஒரு பகுதியை மட்டும் கருப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி செட்டிங்கிலேயே இருக்கிறது. பொருத்தியவரைக் கூப்பிட்டால் ஐந்து நிமிஷ வேலை. மறைத்த பிறகு ராத்திரி ஒரு தடவை மறுபடி பார்த்துவிடுங்கள். கரண்ட் போய் வந்தபின் சில கேமராக்களில் அந்தக் கட்டம் அழிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.