புளிப்பா, காயா?

கேள்வி: பள்ளி நூலகத்துக்காக ஈசாப் கதைகளைத் தமிழாக்கி வருகிறேன். 1867-இல் வந்த டவுன்செண்டின் ஆங்கிலப் பதிப்பு மூலத்தை ஒட்டியது என்கிறார்கள். நரியும் திராட்சையும் கதையை அதிலிருந்தே எடுத்து, 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று முடித்துவிடலாமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். டவுன்செண்ட் கிரேக்கத்தை ஒட்டித்தான் எழுதினார். ஆனால் எந்தக் கிரேக்கத்தை? இந்தக் கதைக்கு அங்கே இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று உரைநடை, ஈசாப் கதைகளுக்கு எண் கொடுத்துத் தொகுத்த அறிஞர் பெர்ரியின் வரிசையில் 15-ஆம் எண். மற்றது பாப்ரியஸ் என்ற பழங்காலக் கவிஞர் கிரேக்கத்தில் பாடிய செய்யுள், அவருடைய 19-ஆம் கதை. பாப்ரியஸின் சுவடி கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலையில் கிடைத்து 1844-இல்தான் அச்சேறியது.

டவுன்செண்ட் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டார். பசியில் வாடும் நரியும் ஏற்றிவிட்ட கொடியும் உரைநடையிலிருந்து வந்தவை. பழுத்த கறுப்புக் குலை, வீணாகக் களைத்துப்போவது, 'நினைத்தபடி பழுத்ததில்லை' என்ற பேச்சு, இவையெல்லாம் பாப்ரியஸ். இதில் பெரிய நஷ்டம் 'பழுத்த' என்ற ஒரு சொல்லால் வந்தது. உரைநடையில் கதைசொல்லி குலை பழமா காயா என்று வாயே திறப்பதில்லை. நரி சொல்வது நிஜமாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் கடைசிவரை வாசகரிடம் இருக்கும். டவுன்செண்டின் முதல் வரியிலேயே அது போய்விடுகிறது.

அடுத்தது, டவுன்செண்டின் 'ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு' என்ற தொடர். பாப்ரியஸ் அங்கே போட்டிருப்பது மாடு மேய்க்கும் வினைச்சொல். நரி தன் துக்கத்தை மேய்த்துக்கொண்டு போகிறது, அதாவது போக்குக் காட்டித் தேற்றிக்கொள்கிறது. உரைநடையிலோ 'தனக்குத்தானே சொன்னது' என்றே இருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லாதபோது யாரிடம் மறைப்பது? தன்னையே ஏய்த்துக்கொள்வதுதான் கதையின் உயிர். ஆங்கிலத்தில் அது ஊரை ஏய்ப்பதாக மாறிவிட்டது.

இனி, புளிப்பு. உரைநடை நரி பேசுவது இரண்டே சொற்கள்: 'ஒம்ஃபகெஸ் எய்சின்'. ஹோமரின் ஒடிஸி 7-ஆம் காண்டத்திலும் இதே இரண்டு சொற்கள் வருகின்றன. அங்கே பூவுதிர்க்கும் பிஞ்சுக் குலைகளைப் பற்றிய சாதாரணத் தோட்டப் பேச்சு அது. ஒம்ஃபகெஸின் ஒருமையான ஒம்ஃபக்ஸ் என்றால் பழுக்காத திராட்சை. சுவையைச் சொல்கிற சொல் அல்ல, பருவத்தைச் சொல்கிற சொல். ஆங்கிலத்தில் இதற்கு வீட்டுச் சொல் இல்லாததால் 'புளிப்பு' என்று சுவைக்குத் தாவினார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. காய், பழம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். அப்படியிருக்க, 'இந்தப் பழம் புளிக்கும்' என்று எழுதினால் நரியே அதைப் பழம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இது வெறும் சொல் தகராறு இல்லை. புளிப்பு ரகம் என்றைக்கும் புளிக்கும். காய் நாளானால் கனிந்துவிடும். உரைநடையின் இறுதியில் வரும் நீதி, தங்கள் பலவீனத்தால் எட்டாததற்குச் சிலர் 'கைரோஸ்' மேல் பழி போடுகிறார்கள் என்கிறது. கைரோஸ் என்றால் தக்க காலம், பருவம். 'காய்' என்று எழுதினால்தான் அந்த நீதி பொருந்தும். 'புளிப்பு' என்று எழுதிவிட்டு அதே நீதியைப் போட்டால் கதைக்கும் அதற்கும் ஒட்டாது.

உரைநடையை எடுத்தால் இவ்வளவு போதும்:

"பசியில் வாடிய நரி, மரத்தில் படர்ந்த கொடியில் திராட்சைக் குலைகள் தொங்கக் கண்டது. பறிக்க ஆசைப்பட்டது, முடியவில்லை. விலகிப் போகையில் 'எல்லாம் காய்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது."

கறுப்பு நிறமும் துள்ளலும் வேண்டுமென்றால் பாப்ரியஸை முழுதாக எடுங்கள். அப்போதும் கடைசிப் பேச்சு 'குலை காய்தான், நான் நினைத்தபடி பழமில்லை' என்றே வரட்டும். எதை எடுத்தீர்கள் என்று கதையின் அடியில் அதன் வரிசை எண்ணோடு குறிப்பிட்டுவிடுங்கள்.