கடைசி மடக்கு காபி

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு 72 வயது. இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. வலதும் மங்கல்தான். நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு நர்ஸ் பெண் எழுதுகிறாள். ஊர் கும்பகோணம் பக்கம்; பெயர் வேண்டாம்.

என் மகனுக்கு 46 வயது. பி.எஸ்சி. கடைசி வருஷத்தில், 21 வயதில், காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கினோம். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. மனச்சிதைவு என்றார்கள். மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருப்பான். நன்றாக இருக்கிறேனே, மாத்திரை எதற்கு என்று நிறுத்துவான். இரண்டு மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடும். அவன் அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலைக் காபியில் பொடித்துப் போட்டுவிடு என்று அவர்தான் சொன்னார். 12 வருஷமாக அப்படித்தான் கொடுக்கிறேன். அவர் போய் 6 வருஷம் ஆகிறது. மாதாமாதம் நான்தான் போய்ச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி வருகிறேன்.

போன மாதம் ஒரு நாள் காபி குடித்து ஒரு மணி நேரத்துக்கெல்லாம் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. நோய் திரும்பிவிட்டது என்று பூஜை அறைக்கு ஓடினேன். இந்தப் பெண்தான் வந்து விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை 48. அம்மியில் ஒட்டியிருந்த பொடியையும் பக்கத்தில் கிடந்த அட்டையையும் பார்த்துவிட்டு, "பாட்டி, இது உங்க சுகர் மாத்திரை" என்றாள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததும் தெளிந்தான். பெற்ற பிள்ளையை என் கையாலேயே கொன்றிருப்பேன்.

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. கண் ஆபரேஷனுக்குப் போகலாம் என்றால் அன்று இவனுக்குக் காபி யார் போடுவது? மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அண்ணனை ஏதாவது ஹோமில் விட்டுவிட்டு வா என்கிறாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் டம்ளரில் எப்போதும் கடைசி மடக்கை விட்டுவிடுவான். நான் விரலால் கலக்கி, "வீணாக்காதேடா" என்று திரும்ப நீட்டுவேன். சில நாள் குடிப்பான். சில நாள் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்குப் பிறகு இவனுக்கு யார்?

- ஒரு தாய்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முதலில் அந்தச் சர்க்கரை மாத்திரை. அது தெரியாமல் வந்த தவறு. புரை விழுந்த கண்ணோடு இரண்டு பேர் மருந்தையும் ஒரே அலமாரியில் வைத்துக்கொண்டு 12 வருஷம் தவறாமல் கொடுத்ததே பெரிய காரியம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளின் வேகம் ஒரு தடவை குளுக்கோஸ் கொடுத்ததும் அடங்கிவிடாது. தெளிந்த பிறகும் ஒரு நாளோ அதற்கு மேலுமோ திரும்பத் திரும்ப இறங்கலாம். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் சர்க்கரைத் தண்ணீரோடு விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இப்போது அந்தக் கடைசி மடக்கு. உங்கள் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்தது அந்த இடத்தைத்தான். பொடித்த மாத்திரை காபியில் முழுக்கக் கரையாமல் அடியில் தங்கும். அது தங்கும் இடத்தைத்தான் அவர் விட்டுவைக்கிறார். பி.எஸ்சி. வரைக்கும் படித்தவர். 12 வருஷமாகக் காபியின் அடியில் கசப்பு இருப்பது அவர் நாக்குக்குத் தெரியாமலா இருக்கும்? என் ஊகம், அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கிறார், அவருக்குத் தெரியாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தவிர, ஒரு நாள் பாதி மருந்து, ஒரு நாள் முழு மருந்து என்று போயிருக்கும். அவர் அவ்வப்போது தளர்ந்துபோனால் அதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

மறைத்துக் கொடுத்தது தப்பு என்று உங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சாம்பாரிலும் தயிர்சாதத்திலும் பொடித்துப் போடும் தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வேறு வழி தெரியாமல் செய்ததுதான். ஆனாலும் இந்த ஏற்பாட்டுக்கு ஆயுசு உங்கள் கை இருக்கும் வரைதான். எனக்குப் பிறகு யார் என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி அம்மியடியிலிருந்தே வருகிறது. தன் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஆளுக்கு ஒரு துணை இருந்தால் போதும். மருந்து கொடுப்பதையே சொல்லாமல் வைத்திருக்கும் ஆளை எந்தத் தங்கையிடம், எந்த ஹோமில் ஒப்படைப்பீர்கள்?

அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். மருந்து திடீரென்று நின்றால் நோய் பாய்ந்து வரும். முதலில் மனநல மருத்துவரிடம் காபி விஷயத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். பொடிக்கவே கூடாத மாத்திரைகள் உண்டு. நாக்கில் வைத்தால் கரைவது உண்டு, சொட்டாகக் குடிப்பது உண்டு. அவர் சம்மதித்தால் சில வாரங்களுக்கு ஒரு தடவை போடும் ஊசியும் உண்டு. அடுத்த தடவை அவரையும் கூட்டிப் போங்கள். 12 வருஷமாகச் சீட்டு மட்டும் போய் வந்திருக்கிறது என்றால் அவருடைய எடை, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு எதையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த மருந்துகள் சிலருக்கு இவை மூன்றையும் ஏற்றிவிடும். வாய் உலர்கிறதா, மலச்சிக்கல் உண்டா என்றும் அவரிடம் கேளுங்கள். மாத்திரை வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு நோய் மட்டும்தான் காரணம் என்று நாமாக முடிவு கட்டிவிட வேண்டாம். உடம்பு படுத்திய பாடாகவும் இருக்கலாம். டாக்டரைப் பார்க்கப் பல நாள் ஆகும் என்றால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மகனிடம் எப்படிச் சொல்வது? காபி நேரத்தில் வேண்டாம். அவர் நிதானமாக இருக்கும் ஒரு சாயங்காலம் பாருங்கள். நடந்ததிலிருந்தே ஆரம்பியுங்கள்: "அன்னிக்கு உனக்கு வேர்த்துக் கொட்டினதுக்கு நான்தான்டா காரணம். எனக்குக் கண்ணு தெரியலை." மன்னிப்பு கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள், அழ வேண்டாம், அழுதால் அவர் உங்களைத் தேற்றும் வேலையில் இறங்கிவிடுவார். கோபப்பட்டால் படட்டும். சில நாள் காபியே வேண்டாம் என்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். வெறும் காபி என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே போட்டுக் கொடுங்கள். டாக்டரைப் பார்க்கும் தேதிக்கு முந்தின நாளாகப் பார்த்து இந்தப் பேச்சை வைத்துக்கொண்டால் இடையில் மருந்து விட்டுப்போகாது. அடிக்க வருவார் என்ற பயம் கொஞ்சம் இருந்தாலும் வீட்டில் சொல்ல வேண்டாம், டாக்டர் முன்னால் சொல்லுங்கள்.

ஹோம் என்று மகள் சொல்வதையும் முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து போனார்கள். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே உங்கள் தலைமுறைக்கு வயிறு கலங்கும். இப்போது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று மகளையே விசாரிக்கச் சொல்லுங்கள். போய்ப் பார்ப்பதென்றால் மகனோடு போங்கள். அதே சட்டப்படி தனக்காகப் பேச யார் வேண்டும் என்பதை அவரே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். யார் பெயரை எழுதுவார் என்று கேட்டுப் பாருங்கள். தங்கையாக இருக்கலாம், நாம் நினைக்காத ஆளாகவும் இருக்கலாம்.

பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் கணவர் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர் என்று வைத்துச் சொல்கிறேன். குடும்ப ஓய்வூதியம் உங்களோடு நின்றுவிட வேண்டியதில்லை. மன நோயால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு அது ஆயுள் முழுக்கக் கிடைக்க விதி இருக்கிறது. மருத்துவச் சான்று வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் எடுத்துவிடுங்கள்; 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் மன நோயும் இருக்கிறது. அட்டை எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கம் இருந்தால், அம்மா, 25 வருஷமாக ஊருக்குத் தெரியாமலா இருக்கிறது? கருவூலத்தில் உங்கள் ஓய்வூதியப் புத்தகத்தோடு போய், மகன் பெயரைச் சேர்க்க என்னென்ன தாள் வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். நீங்கள் போன பிறகு இந்தத் தாளுக்கெல்லாம் அவரால் அலைய முடியாது.

கடைசியாக உங்கள் கண். அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகச் செய்கிறார்கள், பெரும்பாலும் சில நிமிஷ வேலைதான். ஆனால் அதற்கப்புறம் நாலைந்து வாரம் ஒரு நாளைக்குப் பல தடவை கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். தனக்குத்தானே விட்டுக்கொள்வது இந்த வயதில் கஷ்டம், பாதி கன்னத்தில்தான் வழியும். யார் விடுவார் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். தேதி வாங்கப் போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள். எத்தனை மணிக்கு ஒரு தடவை, எத்தனை சொட்டு என்பதை நர்ஸ் அவரிடமே சொல்லட்டும், அவரே எழுதிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்ததும் உங்கள் மாத்திரை அட்டைகளையும் அவர் கையில் கொடுத்து எது எதற்கு என்று படிக்கச் சொல்லுங்கள்.