சார்ஜரை பிளக்கிலேயே விட்டால் கரண்ட் பில் ஏறுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று செல்போன் சார்ஜர்கள் எப்போதும் பிளக்கிலேயே இருக்கும், சுவிட்சையும் அணைப்பதில்லை. போன தடவை 478 யூனிட், இந்தத் தடவை 509. பில் தொகை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. எல்லாம் சார்ஜரால்தான் என்கிறார் மாமனார். நிஜமா? புது சார்ஜர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மாமனார் சொல்வது ஒரு காலத்தில் சரிதான். பட்டன் போன் வந்த புதிதில் சார்ஜர் கல் மாதிரி கனக்கும். உள்ளே இரும்பும் செம்புக் கம்பியுமாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர். போன் மாட்டாமல் சும்மா விட்டாலும் தொட்டால் சூடாக இருக்கும். அந்தச் சூடு முழுக்க வீணாகிற கரண்ட். இன்றைய சார்ஜர் அப்படியில்லை. நல்ல தயாரிப்பு என்றால் சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்குள்தான் எடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல் சாதாரண சார்ஜர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே அவ்வளவுதான்.

கணக்குப் போடுவோம். 0.1 வாட், 60 நாள் இரவு பகலாக ஓடினால் 0.14 யூனிட். மூன்று சார்ஜருக்கும் சேர்த்து அரை யூனிட்கூட இல்லை. போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதும் பெரிய செலவில்லை. 5000 எம்ஏஎச் பேட்டரியைத் தினமும் முழுசாக ஏற்றினாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட் போல ஆகும்.

அப்படியானால் யார் குடிக்கிறார்கள்? முதலில் செட் டாப் பாக்ஸைப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகள், ஓடும்போது எடுக்கிற அளவுக்கே கரண்ட் எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அதை மட்டும் விட்டு, மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். பல மீட்டர்களில் ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கு. உங்கள் மீட்டருக்கு எத்தனை என்பது அதன் முகப்பிலேயே இருக்கும். பெட்டி 10 வாட் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மினுக்கும். டிவி பார்க்காத 20 மணி நேரத்துக்கு மட்டும் கணக்கிட்டாலே 60 நாளில் 12 யூனிட்.

உங்களுக்கு அந்த 12 யூனிட் ரொம்ப முக்கியம். 2024 ஜூலை கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய்விடும், அந்த நூறு யூனிட்டுக்கும் கூடுதல் விலை. 509-இல் 12 போனால் 497. பில் எகிறியதற்கு முக்கியக் காரணம் இந்த எல்லையைத் தாண்டியதுதான். டிவி பார்க்காத நேரமெல்லாம் பெட்டியைச் சுவிட்சிலேயே அணையுங்கள். மீதிக்கு ஃபேன், ஃபிரிட்ஜ் பக்கம் பாருங்கள்.

சரி, புது சார்ஜர். கரண்ட் செலவைவிட இதில் பாதுகாப்புதான் எனக்குக் கவலை. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் சார்ஜர் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளருடையது என்று காட்டும். முத்திரையே இல்லாமல் நடைபாதையில் விற்பதை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால், காலையில் போன் மாட்டாத நேரத்தில் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அதை மட்டும் இன்றைக்கே கழற்றிப் போட்டுவிடுங்கள்.